காசிமேட்டுக் காற்றும் காலர் மைக்கும்
ஊடகப் படிப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகன் ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். விஸ்காம் (பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன்) சேர வேண்டும் என்கிறான், கூடவே கேமராவும் கேட்கிறான். என்ன செய்வது?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். பி.எஸ்சி. என்று பெயர் இருப்பதால் அறிவியல் குரூப் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகளில் எந்த குரூப்பாக இருந்தாலும் தேர்ச்சி போதும். கேமரா இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதல் வருடம் பெரும்பாலும் ஓவியம், டிசைன், எழுத்து என்றே ஓடிவிடும். அட்மிஷனுக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள்? வெளியே எடுத்துப்போக விடுவார்களா? எடிட்டிங் லேப் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். லேப் கட்டணம் தனியா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: செமஸ்டர் ப்ராஜெக்டுக்காகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னும் பெரியவரைப் பேட்டி எடுத்தோம். காற்றும் லாஞ்சு என்ஜினும்தான் கேட்கின்றன. மீன் ஏலக் காட்சியிலோ கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. எடிட்டிங்கில் சரி செய்யலாமா?
- மூன்றாம் ஆண்டு மாணவர், ராயபுரம்

பதில்: கறுப்புக் கோடுகளை முதலில் முடிப்போம், அது சுலபம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குழல்விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண் அதை விட்டுவிடும், கேமரா பிடித்துவிடும். ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 25-இலும் ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடியிலும் பூட்டிவிட்டால் கோடு வராது. செல்போனை அதன் போக்கில் விட்டால் 30 ஃபிரேமுக்குப் போய், ஷட்டரையும் 1/60 என்று வைத்துக்கொள்ளும். கோடு விழுவது அங்கேதான். சில மலிவு எல்.இ.டி. விளக்குகள் எந்த ஷட்டருக்கும் அடங்காது. அதன் வெளிச்சம் விழாத பக்கமாக நகர்ந்து நில்லுங்கள். ஏற்கெனவே விழுந்த கோட்டை மென்பொருளால் ஓரளவு மங்கச் செய்யலாம், அவ்வளவே.

இனி ஒலி. மாணவர் படங்களில் பாதி இதில்தான் விழுகின்றன. பட்ஜெட் எல்லாம் லென்ஸுக்குப் போய்விடுகிறது!

மைக்கில் பதியும் அந்த 'புஸ் புஸ்' காதில் கேட்கும் சத்தமே இல்லை. காற்று நேராக மைக்கின் சவ்வில் மோதுவது. காலர் மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு மூச்சுக் காற்றுக்குத்தான் ஆகும், கடற்கரைக்கு ரோமம் வைத்த உறை வேண்டும். வெயில் காலத்தில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் எழும்பும். அதற்குள் பேட்டியை முடித்துவிடுங்கள். கரையேற்றி வைத்த ஃபைபர் படகின் மறைவு கிடைத்தால் இன்னும் நல்லது.

என்ஜினுக்கு மருந்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், தள்ளி நிற்கும் என்ஜின் அப்படியேதான் இருக்கும். பொதுவாகக் காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துவோம். ஆனால் வலை பின்னுகிறவர் சட்டையில்லாமல் தோளில் துண்டோடு உட்கார்ந்திருப்பார். துண்டில் மாட்டினால் ஒவ்வொரு முடிச்சுக்கும் கை நூலை இழுக்க, துண்டு மைக்கில் உரசும். அவருக்குக் கம்பில் கட்டிய மைக்தான் சரி. ஃபிரேமுக்குச் சற்று மேலே, நெஞ்சைப் பார்த்தபடி ஒருவர் பிடிக்கட்டும். பேச்சின் உச்சம் மீட்டரில் -12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரியவர் யோசித்து நிறுத்துகிற இரண்டு நொடியில் அது என்ஜின் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும்.

கையில் இருப்பதை என்ன செய்யலாம்? 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் காற்றின் முழக்கம் அடங்கும். டீசல் என்ஜின் குரலோடு கலந்து உட்கார்ந்திருக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஏற்ற ஏற்றப் பெரியவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவார். மறுபடி போய் எடுங்கள் தம்பி. ராயபுரத்திலிருந்து காசிமேடு என்ன, காசியா?

கேள்வி: வாய்ஸ் ஓவருக்கு (படத்தின் பின்னணிக் குரலுக்கு) நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கில் எழுதினேன். படத்தை விட நீளமாகப் போய்விட்டது.
- மாணவி, திருவொற்றியூர்

பதில்: அது ஆங்கிலக் கணக்கு. 'இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்' நமக்கு ஒரே சொல், சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள். சொல்லை எண்ணாமல், வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்ச்சில் அளந்து பாருங்கள். தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என்று எழுதினால் எதை அடிக்கலாம் என்பது தானே தெரியும். 'மீனவர்கள் மீன்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்' என்பதைக் காட்சியே சொல்லிவிடும். 'டீசல் செலவு போக மிச்சம் உண்டா என்பது இந்த ஏலத்தில்தான் தெரியும்' என்றால் படத்தில் இல்லாதது கிடைக்கிறது.

கேள்வி: பி.ஏ. தமிழ் முடித்துவிட்டுப் பத்திரிகைத் துறைக்குப் படிக்க முடியுமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியும். சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் தொடர்பியல் முதுகலை இருக்கிறது. தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ, நுழைவுத் தேர்வு உண்டு, பாடம் ஆங்கிலத்தில். பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கமும் தரமணியும் ஒரே தடம்.

கேள்வி: டைட்டிலில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கின்றன. ஃபான்ட் கோளாறா?
- மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் பிரெஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய - மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றிவிட்டு, புதிதாக டெக்ஸ்ட் பெட்டி திறந்து அடியுங்கள். பக்க வடிவமைப்புக்கான இன்டிசைனில் அடிப்பதென்றால் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி ஃபான்டில் அடித்த பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியில் போட்ட பிறகும் ஒருமுறை மெய்ப்பு பாருங்கள், புள்ளி சில இடத்தில் காணாமல் போயிருக்கும்.