ஆங்கிலப் பரீட்சையும் எங்கள் தமிழ்க் காதும்: ரீச்சரிடம் கேளுங்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவன்: ரீச்சர், "எ பொக்ஸ் ஒஃப் மாங்கோஸ்" என்று தொடங்கினால் "இஸ்" வருமா, "ஆர்" வருமா? எனக்கு ஒவ்வொரு முறையும் பிழைக்கிறது.

பதில்: "இஸ்" தான் தம்பி. எழுவாய் பெட்டி, பெட்டி ஒன்றுதான். மாம்பழங்கள் பக்கத்தில் நிற்பதால் "ஆர்" வாயில் வந்துவிடுகிறது. எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. "மாடுகள் வந்தன" என்று எழுதுகிறோம், வீட்டில் "மாடுகள் வந்தது" என்றுதான் பேசுகிறோம். அஃறிணையில் ஒருமை பன்மை தடுமாறினாலும் காது உறுத்தாது. அதனால் காதை நம்பாதே. "ஒஃப் மாங்கோஸ்" என்பதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசி.

பருத்தித்துறையில் இருந்து ஒரு தாதி: அக்கா, வெளிநாடு போக எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.ரி.எஸ்ஸுக்குப் படிக்கிறேன். "வோக்கிங் டு த பஸ் ஸ்ராண்ட், த ரெயின் ஸ்ராட்டட்" என்று எழுதியதை வெட்டிவிட்டார்கள். ஏன்?

பதில்: அந்த வசனத்தின்படி நடந்து போனது மழை, தங்கச்சி. காற்புள்ளிக்கு முன்னால் உள்ள செயலைச் செய்தவர்தான் பின்னால் எழுவாயாக வரவேண்டும். "வோக்கிங் டு த பஸ் ஸ்ராண்ட், ஐ கொட் வெட்" என்றால் சரி.

இது உங்கள் கவனக்குறைவு இல்லை. "மழை பெய்து நெல் விளைந்தது" என்று இலக்கணப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பெய்தது மழை, விளைந்தது நெல். காரணமும் விளைவுமாக இருந்தால் இரண்டு எழுவாயைத் தமிழ் ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலம் ஏற்காது. ஆனால் "நான் நடந்து போக மழை பிடித்துக்கொண்டது" என்றும் சொல்கிறோம் அல்லவா? அங்கே "நான்" வெளிப்படையாக இருக்கிறது. அதே மாதிரி "வைல் ஐ வோஸ் வோக்கிங்" என்று "ஐ"யை உள்ளே வையுங்கள். பிறகு மழையே எழுவாயாக வரலாம்.

நல்லூரில் இருந்து: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் எஸ்.ஏ.ரி பரீட்சையில் சில கேள்விகளில் நான்கு விடைகளுக்கும் நிறுத்தக்குறி மட்டும்தான் வித்தியாசம். எப்படிப் பிடிப்பது?

பதில்: வாசிப்பும் எழுத்தும் பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்வி, நின்று யோசிக்க நேரமில்லை. குறிக்கு இரண்டு பக்கமும் தனித்தனி வசனமாக நிற்குமா என்று பார். நின்றால் வெறும் காற்புள்ளி போதாது. "மழை பெய்தது, நாங்கள் போகவில்லை" என்பது தமிழில் ஓடும், ஆங்கிலத்தில் பிழை. அப்புறம், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து ஒரு விடையில் முற்றுப்புள்ளியும் இன்னொன்றில் அரைப்புள்ளியும் ஒரே இடத்தில் அதே வேலையைச் செய்தால், இரண்டும் விடையாக முடியாது. இரண்டையும் தள்ளிவிடு.

மானிப்பாயில் இருந்து: அமெரிக்க எழுத்துக்கூட்டலா, பிரித்தானியதா?

பதில்: ஐ.ஈ.எல்.ரி.எஸ்ஸில் இரண்டும் சரி. ஒரு கட்டுரைக்குள் கலக்காதீர்கள்.

சுன்னாகத்தில் இருந்து ஒரு தாய்: மகள் ஐ.ஈ.எல்.ரி.எஸ் கட்டுரைக்கு "மோரோவர்", "ஃபேர்தர்மோர்" என்று இணைப்புச் சொற்களின் பெரிய பட்டியலே பாடமாக்கி வைத்திருக்கிறாள். புள்ளி கூடுமா?

பதில்: கூடாது அம்மா, குறையவும் கூடும். எழுத்துக்கு நான்கு அளவுகோல், நான்குக்கும் சம நிறை. இணைப்புச் சொல் அதில் ஒன்றின் ஒரு பகுதிதான். வசனத்துக்கு வசனம் தலையில் ஒட்டினால் செயற்கையாகத் தெரியும். அண்மையில் திருத்திய ஒரு தாளில் "மோரோவர்" போட்டு, முன்னே சொன்னதற்கு நேர்மாறான கருத்தை எழுதியிருந்தது ஒரு பிள்ளை. எழுதுமுன் தமிழில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: "அதோடு" என்கிறேனா, "ஆனால்" என்கிறேனா? "ஓல்தோ" போட்ட வசனத்தில் "பட்" வேண்டாம் என்பதும் இப்படியே விளங்கும். "மழை பெய்தாலும் ஆனால் போனோம்" என்று அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள்.