எழுத்து இல்லாத ஓடுகள்

வணக்கம்ங்க ஐயா,

நான் காங்கயம் பக்கம். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். நொய்யல் கரையில் நடந்த ஓர் அகழாய்வுக்கு எங்கள் வகுப்பிலிருந்து சிலரை அனுப்பினார்கள். ஆசையாகப் போனேன். என்னைப் பானை ஓடு கழுவுகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். கூடை கூடையாக வரும். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுத வேண்டும். ஒன்றில்கூட எழுத்து இல்லை. பக்கத்துக் குழியில் என் தோழிக்குத் தமிழின் பழைய எழுத்தான தமிழி பொறித்த ஓடு கிடைத்தது, எல்லோரும் ஓடிப்போய்ப் படம் எடுத்தார்கள். அப்பா, 'ஓட்டாஞ்சில்லு பொறுக்கறதுக்கா எம்.ஏ. படிக்கிற?' என்கிறார். எழுத்தில்லாத ஓடுகளுக்கு இவ்வளவு பாடு எதற்குங்க ஐயா?

இன்னொன்று. எங்கள் தோட்டத்தில் உழும்போது கறுப்பு சிவப்பு ஓடுகள் மேலே வருகின்றன. ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி வைத்திருக்கிறேன். கொண்டுவந்து காட்டட்டுமா?

ச.

*

அன்புள்ள அம்மிணி,

உன் தோழி எடுத்த ஓட்டில் பெயர் இருக்கலாம். அதில் தேதி இருக்காது. அது எந்தக் காலத்து ஓடு என்று தெரிய வேண்டுமானால், அதே மண்ணடுக்கில் அதனோடு கிடந்த மற்றவற்றைத்தான் கேட்க வேண்டும். நீ கழுவியவை அந்த மற்றவை.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தபோது ஓர் ஈமக்கல்லறையில் எழுத்துப் பொறித்த பிரிமனை ஒன்று, அதாவது பானையைத் தாங்கும் மண் வளையம், கிடைத்தது. அதே கல்லறையில் நான்கு கால் வைத்த ஒரு சாடியும் இருந்தது. சாடிக்குள் நெல். அந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் காலம் கி.மு. 490 என்று வந்தது. தமிழி எழுத்தின் பழமையைப் பற்றி இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் கையில் எடுத்துக் காட்ட ஒரு சான்று கிடைத்தது, எழுத்தே இல்லாத ஒரு சாடியால். தோண்டியவர்கள் பிரிமனையை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நமக்கு ஒரு சொல் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான்.

அதே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் இதுவரை எழுத்துள்ள ஓடுகள் 500-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பண்ணன், கண்ணன் ஆதன் என்று பெயர்களைப் படிக்கும்போது எனக்கும் உடல் சிலிர்க்கும். ஆனால் அந்த ஊர் என்ன தொழில் செய்தது என்று சொன்னவை பெயர்கள் அல்ல. பச்சைக்கல்லும் பளிங்கும் உடைத்த சில்லுகள், இரும்புக் கசடு, உலை இருந்த இடம், எஃகு உருக்கிய மூசை என்ற மண்கலத்தின் துண்டுகள். மூசைத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் கரிபிடித்த சட்டியின் ஓடு என்றுதான் தோன்றும். கழுவுகிற ஆள் கவனித்து, ஒரு பக்கம் மட்டும் மண் உருகிக் கண்ணாடிபோலப் பளபளப்பதைப் பார்த்துத் தனியே எடுத்துவைக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அது சட்டி ஓடுகளோடு சேர்ந்து மூட்டைக்குள் போய்விடும்.

அடுத்த முறை கூடை வரும்போது முதலில் வாய்விளிம்புகளைப் பிரித்து எடு. விரல் நீளம் விளிம்பு கிடைத்தால் போதும், அதன் வளைவை வட்டம் வரைந்த தாளில் வைத்து வாயின் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒருவர் உண்ணும் கலமா, ஊருக்கே தானியம் கொட்டிவைக்கும் தாழியா என்பது அதில் தெரியும். பிறகு உடைந்த ஓரத்தைப் பார். கறுப்பு சிவப்புக் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். காற்றுப் புகாத உட்பக்கமும் விளிம்பும் கறுத்தன, தீயோடு காற்றும் பட்ட வெளிப்பக்கம் சிவந்தது. உடைந்த ஓரத்தில் இரண்டு நிறமும் சேரும் கோட்டைப் பார்த்தால் சூளையில் அது எப்படி இருந்தது என்று புரியும். கறுப்புப் பக்கத்தைத் தேய்த்துக் கழுவாதே. எழுத்தைப் பெரும்பாலும் சுட்ட பிறகுதான் கூர்முனையால் கீறினார்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார். பழைய கீறலுக்குள் மண் இறுகிப்போயிருக்கும். கொத்து பட்ட புதுக் கீறல் வெளுப்பாக நிற்கும்.

குழியில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்கள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார். பட்டம் எதுவும் இல்லாமலேயே, கொத்து இறங்கும் சத்தம் மாறியதும் 'மண்ணு மாறுதுங்க சார்' என்று கையை நிறுத்திவிடுவார்கள். அந்த நொடியில் நிறுத்தியதால்தான் மேலடுக்கு ஓடும் கீழடுக்கு ஓடும் கலக்காமல் உன் கூடைக்கு வருகின்றன. நீ மையால் எழுதும் குழி எண்ணும் ஆழமும் அவர்களுடைய அந்தக் கவனத்தின் பதிவு. எண் தப்பினால் இரண்டு பேர் உழைப்பும் வீண்.

இனி சாக்கு. பொறுக்குவதை இன்றோடு நிறுத்திவிடு. உழவில் மேலே வந்த ஓடு அடுக்கு குலைந்ததுதான், இருந்தாலும் அது எந்த மூலையில் அடர்த்தியாகக் கிடக்கிறது என்பது கீழே ஊர் இருந்ததா, ஈமக்காடு இருந்ததா என்று தேட வழிகாட்டும். சாக்கில் போட்டதும் அந்தச் செய்தி போய்விட்டது. எதை எங்கே எடுத்தாய் என்று நினைவிருப்பதை இப்போதே எழுதிவை. இனிமேல் கண்ணில் படுபவற்றை இருந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் மட்டும் எடு. படங்களையும் சர்வே எண்ணையும் உன் பேராசிரியரிடமும் ஈரோடு அரசு அருங்காட்சியகத்திலும் கொடு. சாக்கை அவர்கள் கேட்டால் அவர்களிடம் சேர்த்துவிடு.

என்னிடம் எதையும் கொண்டுவர வேண்டாம். தோட்டத்துக்கு நானே வருகிறேன், அப்பாவையும் பார்த்துப் பேசலாம். எந்த ஆழத்தில் மண்ணின் நிறம் மாறுகிறது, எங்கே கல் தட்டுகிறது என்று அந்தக் காட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். அதுவரைக்கும் ஓடு அதிகம் வரும் பக்கம் சட்டிக்கலப்பை போட வேண்டாம் என்று சொல்லிவை.