சந்தோஷ் சுப்ரமணியம் படத்து அப்பா உண்மையிலேயே கொடுமைக்காரரா?

பிள்ளையை ஒரு அடிகூட அடிக்காமல், கேட்டதற்கு மேலேயே வாங்கிக் கொடுத்தவரை எப்படிக் கொடுமைக்காரர் என்று சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அவருடைய பாசத்தில் துளி பொய் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் நடந்தது கொடுமைதான்.

2006இல் தெலுங்கில் வந்த பொம்மரில்லுதான் 2008இல் சந்தோஷ் சுப்ரமணியமாகத் தமிழுக்கு வந்தது. இரண்டிலும் அப்பா பிரகாஷ்ராஜ். மகனுக்குச் சொந்தமாக இருப்பது இரண்டே ஆசைகள்: தானாகத் தொழில் தொடங்கணும், மனசுக்குப் பிடித்த பெண்ணைக் கட்டணும். இரண்டையுமே அப்பாவிடம் மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அப்பாவே பெண் பார்த்து நிச்சயமும் முடித்துவிடுகிறார். பையன் வாயைத் திறக்கவில்லை. 'வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே' என்று சுலபமாகக் கேட்கிறோம். சின்ன வயதிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாத வார்த்தை நிச்சயத்தன்று மட்டும் எப்படி வாயில் வரும்?

எல்லாரும் கிளைமாக்ஸைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட வலித்தது அவன் காதலிக்கும் ஹாசினி அந்த வீட்டில் வந்து தங்கும் நாட்கள். அவளுடைய கலகலப்புக்காகவே அவளை விரும்பியவன், அந்த வீட்டுக்குள் அதையே அடக்கப் பார்க்கிறான். அப்படிப் பேசாதே, இப்படிச் செய்யாதே என்று கடிந்துகொள்கிறான். அப்பா அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் முகம் மாறிவிடுமோ என்ற பயத்திலேயே இவன் அப்பாவைப் போலவே இன்னொரு சுப்ரமணியம் ஆகிவிடுகிறான். நான் பார்த்த பழைய சந்தோஷ் நீ இல்லை என்றுதான் அவள் கிளம்பிப் போகிறாள். பாதிப்பு எதுவும் இல்லை என்று வாதாடுகிறவர்கள் அந்தப் பகுதியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

என் அப்பாவும் என்மேல் கை வைத்ததில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் நான் ஒரு சட்டையைத் தொட்டதும் "அது சாயம் போயிடும்ப்பா" என்பார், அவ்வளவு அக்கறையாக. அவர் காட்டுவதற்குத் தலையாட்டிவிட்டு வருவேன். கல்யாணமான புதிதில் ஹாலுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று மனைவி கேட்டாள். "எதுவா இருந்தாலும் சரி" என்றேன். உனக்கு என்ன பிடிக்கும்னு சொல்லேன் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, எனக்குப் பதில் தெரியவில்லை.

போன மாதம் ஐஸ்கிரீம் கடையில் "பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். மகள் கண்ணாடிக்குள் இருந்த பிஸ்தாப் பச்சையை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டு "வெனிலா" என்றேன். விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் படத்து அப்பாவை வில்லன் என்று சொல்ல எனக்கு மனசு வராததற்கும் காரணம் உண்டு. அவ்வளவு நாள் பேசாமல் இருந்த அம்மா முதலில் கேட்கிறார், பிறகு மகன் கொட்டித் தீர்க்கிறான். அவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறார், தப்பு என்று புரிந்ததும் இறங்கி வருகிறார். என் பையன் ஒரு வாரம் உங்கள் வீட்டில் வந்து இருக்கட்டும் என்று ஹாசினியின் அப்பாவிடம் அவரே கேட்கிறார். எல்லா அப்பாக்களும் அப்படிக் கேட்டுவிட மாட்டார்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்பாவுக்கு இப்போது 71 வயது. இன்றைக்கும் தீபாவளிச் சட்டையை அவர்தான் எடுத்து அனுப்புகிறார். நானும் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்புகிறேன்.