மேகம் மறைத்தால் யார் மேல் கோபம்?

கேள்வி: மலையேற்றம், நடைப்பயணம் என்று நிறையச் சுற்றுகிறவர் நீங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த இயற்கை எழில் மிகுந்த இடம் எது? அங்கே சிறந்த வியூ பாயின்ட் எது?

பதில்: இலங்கையில் இருக்கும் ஹோட்டன் சமவெளி. முதல் கேள்வி முடிந்தது. ஆனால் அந்த வியூ பாயின்டைச் சும்மா விட முடியாது.

நார்வேயில் ட்ரோல்துங்கா என்றொரு பாறை, ஏரிக்குச் சுமார் 700 மீட்டர் மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. போய்வர 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 2010இல் ஆயிரம் பேர்கூடப் போகாத இடம்; 2016இல் சுமார் 80,000 பேர் போனார்கள். அத்தனை தூரம் நடந்தவர்கள் பாறைக்குப் பக்கத்தில் வரிசையில் காத்து நின்று, முறை வந்ததும் நுனியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வழியெல்லாம் என்ன இருந்தது என்று அவர்களில் யாராவது எழுதினால் ஆசையாகப் படிப்பேன். எழுதுவதில்லை. நுனிதான் கணக்கு.

ஹோட்டன் சமவெளியிலும் அப்படி ஒரு நுனி உண்டு. ‘உலக முடிவு’ என்று பெயர். சுமார் 870 மீட்டர் செங்குத்துச் சரிவு. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி அங்கே ஓடுகிறார்கள். தாமதமாகப் போனவர்களுக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும். “இவ்வளவு தூரம் வந்தது வீண்” என்று முன்பு ஒரு வாசகர் இதே பக்கத்துக்குக் கோபமாக எழுதியிருந்தார். அப்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: அந்த மேகம் இல்லையென்றால் அந்த இடமே இல்லை.

அங்குள்ள குட்டையான காட்டில் மரங்கள் முழுக்கப் பாசி படர்ந்திருக்கும். நகர்ந்து போகும் மேகம் இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி, மழை பெய்யாத நாளிலும் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. புல்வெளிக்கு நடுவே இருக்கும் சதுப்பு அந்த நீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. மகாவலி, களனி, வளவை என்று மூன்று ஆறுகளின் தலைநீர் இந்த மேட்டுநிலத்திலிருந்து போகிறது. மகாவலிதான் இலங்கையின் மிக நீளமான ஆறு. ஒரு நாட்டின் வயலுக்கும் மின்சாரத்துக்கும் போகிற தண்ணீர் காலடியில் ஊறிக்கொண்டிருக்கும்போது, படம் விழவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. மேகம் வந்தால் குனிந்து பாருங்கள். மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று அங்கே இருக்கிறது; இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. உலக முடிவுக்கு ஓடுகிறவர் கண்ணில் அது எங்கே படப்போகிறது?

பேச்சு வந்ததால் இன்னொன்று. அதே சுற்றுப்பாதையில் ஓர் அழகான அருவி. அதற்கு சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மலைகளில் யானைகளை வேட்டையாடியவர். இன்று அந்தச் சமவெளியில் யானையே கிடையாது. அருவிக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பேன், எத்தனை பேர் சண்டைக்கு வந்தாலும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அங்கிருப்பவர்களைக் கைகூப்பிப் பாராட்ட வேண்டும். நுழைவாயிலில் பையைத் திறக்கச் சொல்லி, பிஸ்கட் பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எரிச்சல்படாமல் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்படியே அந்தப் புளூடூத் ஸ்பீக்கரையும் வாங்கி வைத்துக்கொண்டால், அந்த அலுவலர்களுக்கு இந்தப் பக்கத்திலேயே நன்றிக் கடிதம் எழுதுவேன்.