வாழ்நாள் முழுக்க ஒரே நாட்டுச் சாப்பாடா?

கேள்வி: எங்கள் இலங்கைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, இனி ஆயுளுக்கும் ஒரே ஒரு நாட்டுச் சமையல்தான் என்றால் எதை எடுப்பீர்கள்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தாய்லாந்துதான், யோசிக்கவே இல்லை. கரைவலை மீன் வந்த அன்று நீங்கள் சொதி எப்படி வைப்பீர்கள்? இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு மீனை அவியவிட்டு, முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, அதற்குப் பிறகுதான் தேசிக்காய்ப் புளி, இல்லையா? அவர்களின் தொம் கா சூப்பும் ஏறக்குறைய அதே வழிதான், தேங்காய்ப்பாலில் பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் கொதித்து மணக்க, இறக்கும்போது தேசிப்புளி.

ஜப்பானில் மீனும் சோறும் உண்டு, ஆனால் உறைப்புக் காணாது. இத்தாலியின் ரிசோட்டோ நல்ல அரிசிச் சாப்பாடு, ஆனால் தினமும் வெண்ணெயும் சீஸும் எனக்கு முடியாது.

சரி, இடியப்பத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். அதற்கும் கனோம் சீன் இருக்கிறது, அரிசி மாவைக் கொதிநீருக்குள் பிழிந்து எடுத்து, மேலே கறி ஊற்றித் தருவார்கள். மாசிச் சம்பலுக்குத்தான் ஏங்குவேன், அவர்களின் இறால் விழுது நன்றாக மணக்கும், என்றாலும் அது மாசி இல்லை.