"ஒரு காரணம் சொல்லுங்கம்மா"

கேள்வி: நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன், லீவில் வந்தபோது ஞாயிறு ஆராதனைக்கு வர மறுத்துவிட்டான். "கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஒரு காரணம் சொல்லுங்கம்மா" என்கிறான். போன வருடம் எங்கள் தெருவில் ஆறு வயதுக் குழந்தை டெங்குவில் இறந்தது. "அன்னைக்கு அவர் எங்கே இருந்தார்? எல்லாத்தையும் அறிவியலே விளக்கிடுது, அவர் எதுக்கு?" என்று கேட்கிறான். அவன் அப்பா, 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்ற வசனத்தைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டார். அதன்பிறகு அவன் எங்களோடு சரியாகப் பேசுவதே இல்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. நான் என்ன செய்வது?
- ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். வீட்டில் காயம் பட்டிருப்பது அங்கேதான். அது 14-ம் சங்கீதம். முதல் வசனத்தோடு நிறுத்திவிடாமல் நான்காம் வசனம் வரை வாசியுங்கள். "அப்பத்தைப் பட்சிக்கிறதுபோல, என் ஜனத்தைப் பட்சிக்கிறார்களே" என்று வருகிறது. தட்டிக்கேட்க மேலே ஒருவரும் இல்லை என்ற துணிச்சலில் எளியவர்களைத் தின்று வாழ்கிறவர்களைத்தான் அந்தச் சங்கீதம் சாடுகிறது. தெருவில் செத்துப்போன ஒரு குழந்தைக்காக ஒரு வருடம் கழித்தும் மனம் ஆறாமல் இருக்கிற பையனை அல்ல. உங்கள் கணவர் பயத்தில்தான் அப்படிச் சொல்லியிருப்பார், பிள்ளை கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம். ஆனாலும் அந்த வசனம் அவனுக்கு உரியதல்ல.

13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்று ஒரு இத்தாலியத் துறவி இருந்தார். கடவுள் உண்டு என்பதற்கு ஐந்து வழிகளை எழுதியவர். அவற்றை எழுதும் முன், எதிர்த்தரப்பு வாதங்கள் இரண்டை அவரே எழுதி வைத்தார். ஒன்று: எல்லையற்ற நல்லவரான கடவுள் இருந்தால், உலகில் தீமை எப்படி இருக்க முடியும்? இரண்டு: நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே விளக்க முடியும்போது, கடவுள் எதற்கு? உங்கள் மகன் கேட்ட அதே இரண்டு கேள்விகள்! இதை அவனிடம் சொல்லுங்கள். அவன் சபைக்கு வெளியே நின்று கேட்பதாக நினைக்கிறான். சபைக்குள்ளேயே எழுநூறு வருடங்களுக்கு மேலாக இருக்கிற கேள்விகள் இவை.

இரண்டாவதற்கு முதலில் வருகிறேன். வீட்டுக்கு விருந்தாள் வந்துவிட்டார்கள், டப்பாவில் சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் கேட்கிறீர்கள். அவர்களிடமும் இல்லை, அவர்கள் அடுத்த வீட்டில் வாங்கித் தருகிறார்கள். அந்த வீட்டிலும் இரவல்தான். தெரு எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, எல்லா வீடுமே இரவல் வாங்குகிற வீடாக இருந்தால் உங்கள் டம்ளருக்குச் சர்க்கரை வந்திருக்காது. எங்கோ ஒரு இடத்தில் சொந்தமாக இருப்பு இருக்க வேண்டும். நாமும், முற்றத்து வேப்பமரமும், சூரியனும் இரவல் வாங்கி இருக்கிறவர்கள். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை அறிவியல் அருமையாகச் சொல்லும். அது கடவுளுக்குப் போட்டி அல்ல. ஆனால் முதலில் இருப்பு எங்கே என்பது வேறு கேள்வி.

"அப்போ கடவுளுக்கு யார் கொடுத்தது?" என்று கேட்பான், கேட்கட்டும். இரவல் வாங்காதவர் ஒருவர் வேண்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம். எரிகிற முட்செடியின் முன்னால் மோசே பெயர் கேட்டபோது வந்த பதில், "இருக்கிறவராக இருக்கிறேன்". 'இருப்பு' என்ற ஒரே சொல்லுக்குச் சரக்கு என்றும், இருத்தல் என்றும் இரண்டு பொருளையும் வைத்திருக்கிற நம் மொழியில் இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஒரு எச்சரிக்கை. பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்ற கோட்பாடுதான் ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றுக்கு ஆதாரம் என்று மட்டும் அவனிடம் வாதாடாதீர்கள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதி, பிறகு அந்தக் கோட்பாட்டுக்கே வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்போடு இணைத்துப் பேசியது லெமேத்ருக்கே உவப்பாக இல்லை. அறிவியல் நாளை மாறலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

இப்போது அந்தக் குழந்தை. அவன் கோபத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. அந்தச் சாவை அவன் 'அநியாயம்' என்று நினைக்கிறான். எல்லாம் அணுக்களின் ஓட்டம் மட்டும்தான் என்றால், கொசு கடித்தது, கிருமி பெருகியது, உடல் நின்றது, அவ்வளவுதான். நியாயம் என்று ஒன்று நமக்கு மேலே நிஜமாகவே இருப்பதால்தான் அநியாயம் நம்மைச் சுடுகிறது என்று நான் நம்புகிறேன். ஆனால் இதை அவனிடம் வாதத்தில் மடக்குகிற மாதிரி சொல்லிவிடாதீர்கள். அந்தக் குழந்தையின் தாய்க்கு இது பதிலே அல்ல. 'கர்த்தருக்குச் சித்தம்' என்று துக்க வீட்டில் சட்டென்று சொல்லிவிடுகிறோமே, அதுவும் பதில் அல்ல. ஏன் அந்தக் குழந்தை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இதுதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று மரத்தில் தொங்கிக்கொண்டு கதறியவரைத்தான் நாம் தேவகுமாரன் என்கிறோம். எங்கே இருந்தார் என்றால், அங்கே இருந்தார்.

சரி, அவர் அங்கேயே முடிந்துபோயிருந்தால்? கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று அப்போஸ்தலர் பவுலே சொல்லிவிடுகிறார். கொரிந்தியருக்கு அவர் அந்த முதலாம் நிருபத்தை எழுதியது கி.பி. 55-ஐ ஒட்டி. சிலுவைச் சம்பவம் நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடம்தான் ஆகியிருந்தது. உயிர்த்தெழுந்தவரை ஒரே வேளையில் ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று சொல்லி, "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்று சேர்க்கிறார். போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது போல. கட்டுக்கதை சொல்கிறவர் சாட்சிகள் உயிரோடு இருப்பதை எடுத்துச் சொல்வாரா? அதேபோல, பெண்களின் சாட்சிக்குப் பெரிய மதிப்பில்லாத அந்தக் காலத்தில், வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் எழுதுகின்றன. அவர்கள் சொன்னது அப்போஸ்தலர்களுக்கே "வீண்பேச்சாக" தோன்றியது என்பதையும் லூக்கா மறைக்கவில்லை. புனைகிறவர்கள் தங்கள் தலைவர்களை இப்படிக் காட்டமாட்டார்கள். கணக்குப் போல நிரூபணம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் என் விசுவாசம் நிற்பது இதன்மேல்தான். மற்ற வாதங்கள் வாசல்வரை கொண்டுவந்து விட்டன, உள்ளே அழைத்தது இது.

என் அப்பா ஜெபக்கூட்டங்களில் சத்தமாக ஜெபிக்கிறவர். சந்தேகம் என்பதே அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவர் காலமான பிறகு அவருடைய பழைய பைபிளைப் புரட்டினேன். ஆபகூக் முதல் அதிகாரத்தில், "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் ஒரு தேதி. காய்ச்சலில் என் தங்கை போன தேதி அது. அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளாவது எனக்குக் காட்டியிருக்கலாம். எனக்கும் இருபது வயதில் அதே கேள்வி இருந்தது. தனியாகவே சுமந்தேன்.

அதனால், அடுத்த முறை அவன் வரும்போது இந்தக் காரணங்களை ஒப்பிக்க வேண்டாம். அவன் அப்பா முதலில் பேசட்டும், அந்த வசனத்தை உன்மேல் போட்டிருக்கக்கூடாது என்று. அப்புறம் நீங்கள் ஏன் விசுவாசிக்கிறீர்கள் என்பதை, பதில் தெரியாத இடங்களையும் சேர்த்து, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். ஆராதனைக்கு வா என்று இழுக்காதீர்கள். முடிந்தால் ஒரு சாயங்காலம் அவனையும் கூட்டிக்கொண்டு அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டதால் இப்போது அங்கே அதிகம் பேர் போகமாட்டார்கள்.