ஏற்காட்டுப் பனியா, பிரஷர் மாத்திரையா?

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை மாற்றியதிலிருந்து வறட்டு இருமல், ஏற்காட்டுப் பனிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்'லில் முடிந்தால் என் சந்தேகம் மாத்திரை மேல்தான். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஒரு நொதியை இவ்வகை மருந்து தடுக்கிறது. உடலில் இயல்பாக உண்டாகும் பிராடிகைனின் என்ற வேதிப்பொருளை உடைப்பதும் அதே நொதிதான். அது உடையாமல் தேங்கினால் மூச்சுக்குழாய் நரம்புகளைச் சீண்டும். சளி வராது, தொண்டையில் ஓயாத கிச்சுகிச்சு. பெண்களுக்கு இது கூடுதலாகவே வரும். மிளகுக் கஷாயம், சிரப் எதுவும் பெரிதாகக் கேட்காது. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறிவிடும். சேலத்துக்கு இறங்கி டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள். பெரும்பாலும் டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி ஒன்றுக்கு மாற்றுவார். அப்புறமும் இருமல் அடங்க 1 முதல் 4 வாரம் ஆகலாம், சிலருக்கு 3 மாதம்கூட. உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.